டில்லிபாபு பார்த்துக் கொடுத்த லாரி

இந்தக் கட்டுரையை எழுதித் தரும்படி முதலில் டில்லிபாபுவைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு நேரம் இல்லையாம். பழைய வண்டி வாங்குவது எப்படி என்று இப்போது கைபேசியில் வீடியோ போடுகிறான். ஊத்துக்கோட்டையிலிருந்து ஆரணி வரை விவசாயிகள் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அதனால் எங்கள் தொழில் சங்கத்தின் மலருக்கு எழுத என்னிடம் வந்தார்கள். வந்த இருவரும் நான் வேலை பார்த்த பழைய வண்டி யார்டில் இப்போது இருப்பவர்கள்.

"அண்ணாத்தே, டில்லி அண்ணன்கூட அத்தினி வருசம் வேலை பாத்துகீறீங்க. அறுப்பு மெசின் இழுக்கறதுக்கு வண்டி கேட்டு தெனம் ஆளுங்க வர்றாங்க. அவரு எப்டி பாத்து எடுப்பாருன்னு நீங்க எழுதுனா போதும்" என்றார்கள்.

சரி என்றேன். யார் எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தான். அவர்கள் போன பிறகு கள்ளிக்குப்பம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவன் எப்படிப் பார்ப்பான் என்று யோசித்தேன். நின்றுகொண்டு பார்ப்பான். படுத்துக்கொண்டு பார்த்தவன் நான். அதை எழுதுகிறேன்.

பத்தாவது முடித்துவிட்டு தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை, பிறகு ஒரு லாரி ஒர்க்ஷாப், அதற்குப் பிறகு மண்ணூர்பேட்டையில் கன்னியப்பன் முதலாளியின் பழைய வண்டி யார்டு. முதுகு எலும்பில் தட்டு விலகி இனிமேல் தரையில் படுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லும் வரை அங்கேதான் இருந்தேன். டில்லிபாபு சேக்காட்டிலிருந்து சைக்கிளில் வருவான். நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தான். என் வயதுதான், என் படிப்புதான், சம்பளமும் அதேதான். அவனுக்குப் பேச்சு வரும். எனக்கு வராது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி விற்க யாராவது வந்தால் அவர் வண்டியைப் பார்க்கவே மாட்டார். வந்தவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, வெயிலைப் பற்றிப் பேசுவார். பேசிக்கொண்டே எழுந்து போய், தற்செயலாகச் சாய்வதுபோல வண்டியின் பானட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் இன்னொரு டீ சொல்லுவார். அந்த டீக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். விற்பவர் வழியிலேயே இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். காலையில் ஆறிப்போய் நிற்கும் வண்டி எத்தனை முறை இருமிவிட்டுக் கிளம்புகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதில் பாதி உண்மை வந்துவிடும்.

மீதிப் பாதி வண்டிக்கு அடியில் இருக்கிறது. அங்கேதான் என்னை அனுப்புவார். ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். குறை தெரிந்தால் அங்கிருந்து சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த ஒழுங்கு. "விக்க வந்தவன் காதுல உழுற மாதிரி நாஸ்தி நாஸ்தின்னா, அவன் சண்டைக்கு நிப்பான். இல்லாங்காட்டி மூஞ்சி தொங்கிப்பூடும். ரெண்டும் நமக்கு வேணாம்" என்பார். அதனால் நான் சுத்தியலால் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறது. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். வெளியே டில்லிபாபு விற்பவருடன் பேசிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்பான். இரண்டு தட்டு விழுந்தால், தன் பேச்சை நிறுத்தாமலே முதலாளியைப் பார்த்து மூக்கைச் சொறிவான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வண்டியைத் தொடக்கூட இல்லை. முதலாளி விலை பேசத் தொடங்கியதும், நின்ற இடத்திலிருந்தே நயமாக "பின்னால இடது பக்கம் ஸ்பிரிங் பிளேட்டு ஒண்ணு ஒடஞ்சிகீது, பாருங்க" என்கிறான். குனிந்து பார்த்தால் உடைந்திருக்கிறது. ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பிளேட்டில் விரல் வைத்து, எண்ணெய் கண்ணில் சொட்ட, முந்தைய நொடிதான் அவன் செருப்புக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக் கிசுகிசுத்தவன் நான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடத்திற்குள் "டில்லி கையில காட்டாம வண்டி வாங்காதே" என்று திருமழிசை வரை பேச்சாகிவிட்டது. என்னை "கீழ ஒருத்தன் படுத்துகினு இருப்பானே" என்றார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பேன். அவரும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே பார்த்து, "டில்லி, நீ இன்னா சொல்ற?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்கு அல்சர் வந்தது என்று என் மனைவி சொல்லுவாள்.

வசந்தா வந்தது அறுவடைக் காலத்துக்குச் சற்று முன்பு. நேமம் பக்கத்துப் பெண். கணவர் இறந்த பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டு, கடன் வாங்கி ஒரு செயின் வண்டி எடுத்திருந்தார். சேற்றிலும் இறங்கும் நெல் அறுவடை இயந்திரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டை இருக்கும். வயலில் ராஜா, தார் ரோட்டில் ஓட்ட முடியாது. ஒரு ஊரில் அறுப்பு முடிந்தால் டிரெய்லரில் ஏற்றி அடுத்த ஊருக்கு இழுத்துப்போக வேண்டும். போன பருவத்தில் வாடகை லாரி சொன்ன நாளில் வரவில்லை. மிஷின் களத்துமேட்டில் நிற்க, பக்கத்து ஊர்க்காரரின் மிஷின் வந்து அவர் பேசி வைத்திருந்த வயல்களை எல்லாம் அறுத்துவிட்டுப் போய்விட்டது. இந்தப் பருவமும் அப்படியானால் கடன் கொடுத்தவர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே சொந்தமாக, மலிவாக, பழைய வண்டி ஒன்று. ஓட்டப் போவது அவர் தம்பி குமார்.

முதலில் டிராக்டர்தான் கேட்டார். டில்லிபாபு நன்றாகவே எடுத்துச் சொன்னான். "டிராக்டரு இழுக்கும்மா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நீ பாலத்துமேல ஏறி எறங்கும்போது பின்னால கீற மெசினு டிராக்டர தள்ளும். இழுக்கற வண்டி கனமா இருக்கணும். இல்லன்னா, நாய இழுத்துகினு போறோம்னு நெனச்சிகினு நாயி பின்னாலயே ஓடுற கத ஆயிடும்."

வசந்தா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வியாபாரம் பாதி முடிந்தது. கனமான வண்டி வேண்டும் என்பது நான் அவனுக்கு ஒருநாள் டீக்கடையில் சொன்னது. நாயை அவன் சேர்த்துக்கொண்டான். ஒத்துக்கொள்கிறேன், நாய் இல்லாமல் நான் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

யார்டில் அப்போது ஒரு பச்சை லாரி நின்றிருந்தது. ராணுவத்தில் ஏலம் விட்டு, கை மாறி வந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். பின்னால் டிரெய்லர் மாட்டப் பெரிய கொக்கி. ஆவடிப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பட்டாளத்து வண்டி என்றால் குறைவாக ஓடியிருக்கும், ஒழுங்காகப் பராமரித்திருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பார்கள். குறைவாக ஓடியிருக்கும் என்பது உண்மை. ஏலத்திற்குப் பிறகு எத்தனை கை மாறியது, அந்தக் கைகள் என்ன செய்தன என்பதை யாரும் கேட்பதில்லை. நான் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அந்த லாரியை டில்லிபாபு தனியாகப் பார்த்து முதலாளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். அடியில் படுக்க ஆள் இல்லாமலே வாங்கினான். திரும்பி வந்த எனக்கு, "மாமே, நீ இல்லாமயே ஒண்ணு முடிச்சிட்டேன் பாத்தியா" என்று சிரித்தான். இரண்டு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

வசந்தாவுக்குப் பச்சை லாரி பார்த்தவுடன் பிடித்துவிட்டது. குமார் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். கிளட்ச் பார்த்தார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. பச்சை லாரி உடனே நின்றது. பிரேக்கும் பிடித்தது.

"ஏகாம்பரம், அடியில ஒரு தபா பாத்துடு" என்றார் முதலாளி.

சாக்கை விரித்துப் படுத்தேன். அந்த வண்டியில் ஏதாவது குறை இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் படுத்தேன்.

முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு மணி மாதிரி சொல்லும். விரிசல் விட்டது பானை மாதிரி சொல்லும். நடு வரைக்கும் மணிதான். எரிச்சலாக இருந்தது. பின் சக்கரத்தைத் தாண்டியதும் பார்த்தேன்: வண்டி முழுக்கப் பழைய தூசி, கொக்கியைச் சுற்றி மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட். ஓரிடத்தில் மட்டும் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். கொக்கியில் கை வைத்தேன். போல்ட் இல்லை. பட்டாளம் கொடுத்த கொக்கியை யாரோ கழற்றி விற்றுவிட்டு, வேறொன்றைச் சேசிஸோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். சேசிஸ் சட்டம் வெறும் இரும்பு அல்ல, பக்குவப்படுத்தியது. அதில் நெருப்பு வைத்தால் வெல்டிங் பிடிக்கும். பக்கத்து இரும்பு பலம் இழக்கும். அடுத்த விரிசல் அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பும்.

கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் பொறுத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு, சாக்பீஸைப் பொடியாகத் தேய்த்தேன். வெள்ளையாக இருந்தது. காத்திருந்தேன். வெல்டிங் ஓரத்தில் மெல்ல ஒரு கோடு ஈரமாக எழுந்தது. உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் விரிசலிலிருந்து சாக்பீஸுக்கு வருகிறது. தலைமுடி அளவு கோடு, வளைந்து, சட்டத்தின் பாதி உயரத்துக்குப் போயிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. பிறகு மேலே குமார் சீட்டில் குதிக்கும் சத்தம் கேட்டது. மிஷினை ஏற்றிய டிரெய்லர் பாலத்தில் பாதி ஏறும்போது இந்தக் கோடு முழுக் கோடானால், டிரெய்லர் கழன்று பின்னால் வருகிறவர்கள் மேல் போகும். சந்தோஷம் அடங்கிவிட்டது.

இரண்டு தட்டு தட்டினேன்.

வெளியே டில்லிபாபுவின் தோல் செருப்பும், சேறு காய்ந்த வசந்தாவின் ரப்பர் செருப்பும் தெரிந்தன. டில்லிபாபு சொன்னான்: "நம்பி எடுத்துகினு போம்மா. நானே பாத்து வாங்குன வண்டி."

கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் ஓங்கி இரண்டு தட்டு தட்டினேன். தோல் செருப்பு கொஞ்சம் நகர்ந்தது. கேட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். "சோக்கான வண்டி" என்றான் குரல் கொஞ்சம் இறங்கி. முதலாளியின் பக்கம் மூக்கைச் சொறிந்திருக்கவும் மாட்டான்.

அந்த யார்டில் வாடிக்கையாளர் முன்னால் நான் வாயைத் திறந்ததில்லை. பெண்கள் என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். ஊர்ந்து வெளியே வந்து, வசந்தாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இந்த வண்டி வேணாம்மா" என்றேன்.

"யாருப்பா நீ?" என்றார் அவர். "வண்டிக்கு அடியில தூங்கிகினு இருந்தியா?"

குமார் மேலிருந்து சிரித்தான். நான் சொன்னேன்: "கொக்கிகிட்ட வெடிப்பு கீதுமா. மெசின் வெயிட்டு தாங்காது."

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் எண்ணெய், கையில் சாக்பீஸ். பிறகு டில்லிபாபு பக்கம் திரும்பினார். "அண்ணே, நீ சொல்லு. நீ சொன்னா எடுத்துக்கறேன், வேணாம்னா உட்டுடறேன். இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

முதலாளியும் என்னைத் தாண்டிப் பார்த்தார். "டில்லி, நீ இன்னா சொல்ற?"

விரிசலைக் கண்டுபிடித்தவன் நான். அது உண்டா இல்லையா என்பது அவன் வாயில் இருந்தது. 

டில்லிபாபு என் பக்கம் வந்தான். என் கையிலிருந்து டார்ச்சை வாங்கினான். அந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே மல்லாந்து லாரிக்கு அடியில் போனான். சாக்குகூடக் கேட்கவில்லை. நிறைய நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது முதுகு முழுக்கக் கறுப்பு.

"வேணாம்மா" என்றான். "நான் சரியா பாக்கல. இவன் சொல்றதுதான் கரீட்டு. இத்த எடுத்துகினு போனா ஒரு நாளு இல்ல ஒரு நாளு புட்டுக்கும்."

இந்த இடத்தில் வசந்தா என்னைப் பார்த்து ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் குமாரிடம் சொன்னார்: "பாத்தியாடா? தான் வாங்குன வண்டியவே வேணாம்னு வாய்விட்டு சொல்றாரு. எவன் சொல்லுவான் இந்தக் காலத்துல? சட்டையப் பாரு, எப்டி ஆயிடுச்சி! இவருதான்டா மனுசன்."

முதலாளி டில்லிபாபுவின் தோளைத் தட்டி, புதுச் சட்டை எடுத்துத் தருவதாகச் சொன்னார். எடுத்தும் கொடுத்தார். என் சட்டை தினமும் அப்படித்தான் இருந்தது.

கடைசியில் வசந்தாவுக்குக் கொடுத்தது, மூலையில் நின்ற ஒரு செங்கல் லாரி. முகம் நசுங்கி, சீட் கிழிந்து, யாருக்கும் காட்டவே கூச்சப்படும் வண்டி. பல வருடம் சூளையிலிருந்து முழு லோடு இழுத்துப் பழகியது. நான் அடியில் படுத்துத் தட்டியதில் கடைசி மூலை வரைக்கும் மணி அடித்தது. பிரேக்கில் ரப்பர் எல்லாம் புதிதாக மாற்றினேன். கொக்கியை நான்தான் பொருத்தினேன். வெல்டிங் கிடையாது. இரண்டு பக்கச் சட்டத்துக்கும் குறுக்கே கனமான தகடு கொடுத்து, சட்டத்தின் நடுப் பகுதியில் மட்டும் துளை போட்டு, போல்ட். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே கூடாது; பாரத்தைத் தாங்குவது அவைதான். இளையவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேமத்துக்கே போய் மிஷினை டிரெய்லரில் ஏற்றிக் காட்டினோம். கனமான பக்கம் முன்னால் வரும்படி நிறுத்த வேண்டும். பின்னால் கனம் போனால் டிரெய்லர் ரோட்டில் வாலை ஆட்டும். இதையும் நான் டில்லிபாபு காதில் சொன்னேன். அவன் குமாருக்குச் சொன்னான், குண்டான மாமியாரைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்த கதையோடு. குமார் அதை மறக்கவே மாட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டில்லிபாபு என் பக்கம் சாய்ந்து, "மாமே, நீ மட்டும் அன்னிக்கி எழுந்து வரலன்னா நான் காலி" என்றான். மனதாரத்தான் சொன்னான். பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

வசந்தா அந்தப் பருவத்தில் ஒரு வயலும் விடாமல் அறுத்தார். மிஷின் அவரிடமே நின்றது. பொங்கலுக்குப் பொங்கல் டில்லிபாபு வீட்டுக்குப் புது அரிசி மூட்டை வரும். அதில் ஒரு படி அவன் எனக்குக் கொடுத்தனுப்புவான். நல்ல அரிசி. சாப்பிட்டுக்கொண்டே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்ட வாரத்தில், முதுகுக்கு மருந்து வாங்கப் பூந்தமல்லி போயிருந்தேன். டிரங்க் ரோட்டோரம் ஒரு டீக்கடை முன்னால் அந்தச் செங்கல் லாரி நின்றது. பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் மிஷின். முன் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'டில்லி அண்ணன் துணை' என்று எழுதியிருந்தது. நின்று இரண்டு முறை படித்தேன்.

குமார் டீ குடித்துக்கொண்டிருந்தான். தொப்பை போட்டிருந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும் நான் யார் என்று சொல்ல வரவில்லை. "வண்டி எப்டி இழுக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

"கேக்காத நைனா. யான மாரி இழுக்குது. டில்லி அண்ணன் பாத்துக் குடுத்த வண்டி. அவர தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். குனியக் கூடாது. குனிந்தேன். போல்ட் எல்லாம் நான் விட்டபடியே இருந்தன. ஆனால் கொக்கியில் டிரெய்லரை மாட்டும் இரும்பு முளையான பெரிய பின் கழன்று வராமல் தடுக்கக் குறுக்கே ஒரு பூட்டுப் பின் இருக்கும், அது இல்லை. அதற்குப் பதில் கட்டுக் கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பி பாதி தேய்ந்திருந்தது.

"தம்பி, இந்தக் கம்பி ஆவாது. பின்னு வாங்கிப் போடு" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது நைனா. ரெண்டு மாசமா அப்டித்தான் ஓடுது. நீ போ, வெயிலு ஏறுது" என்று கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறப் போனான். நான் நகரவில்லை. அவன் என்னை யாரோ கிழவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"டில்லிபாபு சொல்லச் சொன்னாரு" என்றேன் சத்தமாக. "வழியில எங்கயாவது அந்த லாரியப் பாத்தா கொக்கிப் பின்ன பாரு, கம்பி கிம்பி கட்டியிருந்தா ஓட்டக் கூடாதுன்னு சொல்லுன்னாரு."

இன்ஜின் நின்றது. குமார் இறங்கி ஓடி வந்தான். "டில்லி அண்ணனா சொன்னாரு? மொதல்லயே சொல்ல மாட்டியா நைனா!" என்று கம்பியைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு எதிர்வரிசையில் இருந்த ஹார்டுவேர் கடைக்கு ரோட்டைத் தாண்டி ஓடினான்.

"அவருக்கு எங்க குந்திகினு இருந்தாலும் எல்லாம் தெரியுது பாரு" என்றான், திரும்பி வந்து பின்னை மாட்டிக்கொண்டே.

ஆமாம் என்றேன். பூட்டுப் பின் முழுக்க உள்ளே இறங்கி, அதன் வளையம் மடங்கி உட்கார்ந்ததை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.